அழுத ராணியும் திட்டிய ராணியும்

எங்கள் கல்யாணத்தில் என் மனைவி குடியாத்தத்திலிருந்து கொண்டு வந்த சீரில் ஒரு கிராமபோன் பெட்டியும் ஒரு நாடக செட்டும் இருந்தன. அதே நாடகத்தின் செட்டு ஆம்பூரில் எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. ஒரு வீட்டில் இரண்டு அம்மிக்கல் இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இரண்டு நாடக செட்டு இருந்ததில் எங்கள் வீடு இரண்டு கட்சியாகிவிட்டது.

நாடக செட்டு என்றால் என்ன என்பதை இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். கொட்டகையில் விடிய விடிய ஆடுகிற நாடகத்தை ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கி, பாட்டும் வசனமுமாகப் பதிவு செய்து, ஏழெட்டு இசைத்தட்டுகளில் அடைத்து, போட்டோ ஆல்பம் மாதிரி ஓர் அட்டைப் புத்தகத்தில் போட்டு விற்பார்கள். ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான் ஓடும். ராஜா "ஐயோ தெய்வமே" என்று அலறினால் "ஐயோ" இந்தப் பக்கத்தில் இருக்கும், "தெய்வமே" அந்தப் பக்கத்தில் இருக்கும். நடுவில் யாராவது எழுந்து தட்டைத் திருப்பி, ஊசியை மாற்றி, சாவி கொடுக்க வேண்டும். அதுவரை ராஜாவின் துக்கம் வரிசையில் நிற்கும்.

கதை இதுதான். சேவல் சண்டைப் பைத்தியம் பிடித்த ஒரு ராஜா. பக்கத்து நாட்டு ராஜாவோடு பந்தயம் கட்டி, தன் சேவல் மேல் ராஜ்யத்தையே வைத்துத் தோற்றுப்போகிறான். கட்டிய வேட்டியோடு காட்டுக்குப் போக வேண்டும். போகும் முன் ராணியிடம் விடைபெறுகிறான். பிறகு காடு, பபூன், புலி, முனிவர். கடைசியில் எப்படியோ ராஜ்யம் திரும்பக் கிடைத்துவிடும். எப்படிக் கிடைத்தது என்பது இரண்டு செட்டிலுமே தெளிவாக இல்லை. தட்டில் இடம் தீர்ந்துபோனதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்பா ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த செட்டை யுத்தத்துக்கு முன்பே வாங்கியிருந்தார். நான் ஒரு தோல் தொழிற்சாலை ஆபீசில் டைப்பிஸ்ட். ஆட்டுத்தோலின் அருமை பெருமைகளை இங்கிலீஷில் அடித்து லண்டனுக்கு அனுப்புவது என் வேலை. எங்கள் பக்கத்தில் எல்லாத் தொழிற்சாலைக்கும் வெள்ளிக்கிழமைதான் லீவு. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை முடிந்து பக்கத்து வீட்டு பாய் வந்து உட்கார்ந்ததும் அப்பா கிராமபோனுக்குச் சாவி கொடுப்பார். பாய் நான் வேலை பார்க்கும் இடத்தில் மேஸ்திரி. அவருக்கு ராஜா, ராணி இரண்டு பேரும் முக்கியமில்லை. பபூன் வரும் பக்கத்துக்காகக் காத்திருப்பார்.

அப்பாவுக்கு முக்கியம் ராணி. விடைபெறும் காட்சியில் ராணி ஒரு பக்கம் முழுக்க அழுவாள். "என்னைத் தனியே விட்டு எங்கே போவீர் நாதா" என்று அவள் இழுக்கும்போது அப்பா துண்டை எடுத்துக் கண்ணைத் துடைப்பார். அவருடைய சொந்த அண்ணன் செத்தபோதுகூட அந்தத் துண்டு தோளை விட்டு இறங்கவில்லை. அந்தப் பக்கம் ஓடும்போது அம்மா கிணற்றடிக்குப் போய்விடுவாள். "இளகிய மனசு, தாங்க மாட்டா" என்று அப்பா பாயிடம் சொல்வார்.

கல்யாணமாகி வந்த முதல் வெள்ளிக்கிழமை, மருமகளைக் கௌரவிக்க நினைத்தாரோ என்னவோ, அப்பா, "உங்க ஊட்டு செட்டையே போடும்மா இன்னிக்கு. புது மெஷின் எப்படிப் பாடுதுன்னு பாப்போம்" என்றார். அவள் கிராமபோன் பெட்டியைத் திறந்து முதல் தட்டைப் போட்டாள். ராஜா வந்தார், சேவல் வந்தது, ராஜ்யம் போனது. வார்த்தைக்கு வார்த்தை எங்கள் செட்டு மாதிரியே இருந்தது. அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ராணியின் பக்கம் வந்ததும் துண்டை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டார். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குக் கிளம்பினாள்.

ஆர்மோனியம் ஒரு இழுப்பு இழுத்தது. அதற்குப் பிறகு அதே ராணி, அதே குரலில், வேறு மெட்டில் பிடித்தாள்:

"கோழிக்குத் தலைகொடுத்த கோமகனே, கொஞ்சம் நில்லும்!
கொண்டுவந்த சீரெல்லாம் கொக்கரக்கோ ஆனதென்ன?"

மூன்று நிமிஷம் மூச்சு விடாமல் திட்டினாள். போன பந்தயத்தில் தோற்ற யானைகளைக் கேட்டாள். அம்மா வீட்டிலிருந்து வந்த ஒட்டியாணத்தைக் கேட்டாள். சேவலுக்குப் பாதாம் பருப்பு போட்டவர் பிள்ளைக்கு என்ன போட்டார் என்று கேட்டாள். ராஜா நடுவில் "தேவி... தேவி..." என்று மட்டும் சொன்னார். அப்பாவின் துண்டு பாதி வழியில் நின்றுவிட்டது. அம்மா குடத்தோடு திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்று, தட்டு முடிந்து ஊசி உரசும் வரை கேட்டாள்.

"இது இன்னாம்மா இது?" என்றார் அப்பா.

"ராணி, மாமா."

"ராணியா? ரேஷன் கடை க்யூவுல நிக்கிறவ மாதிரி இல்ல இருக்கா!"

"சின்ன வயசுலேர்ந்து எங்க ஊட்ல இதான் கேக்குறோம் மாமா. நாட்டையே கோழி மேல கட்டுன மனுசனை வேற இன்னா பண்ணுவாங்க?"

அப்பா எழுந்து, தன் செட்டிலிருந்து ராணி பக்கத்தை எடுத்துத் தன் பழைய கிராமபோனில் போட்டார். அதற்குத் தாமரைப்பூ மாதிரி பெரிய குழாய் உண்டு. குழாயிலிருந்து அழுகை கொட்டியது. அப்பா மருமகள் முகத்தைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி அவள் வெடித்துச் சிரித்துவிட்டாள்.

"தப்பு பண்ணது அவரு. இவ இன்னாத்துக்கு மாமா அழுவுறா?"

புதுப்பெண் என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அப்பா சாப்பிடும்போது ரசத்தில் உப்பு கம்மி என்று ஒரு தடவையும், ஜாஸ்தி என்று ஒரு தடவையும் சொன்னார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள் விசாரணை நாள்களாகிவிட்டன. இரண்டு கிராமபோன்களும் பெஞ்சு மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. முதலில் எங்கள் செட்டில் ஒரு பக்கம், பிறகு அவள் செட்டில் அதே பக்கம். என் மனைவியின் கிராமபோன் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அதில் ராஜா மீசை முளைக்காதவன் குரலில் பேசுவார். "இந்தப் பையனுக்கு ராஜ்யம் எதுக்கு? போனா போவுது" என்றார் அப்பா. அவள் சும்மா இருக்கவில்லை. தட்டுகளை மாற்றிப் போட்டாள். அவளுடைய ராஜா எங்கள் கிராமபோனில் கம்பீரமாகிவிட்டார். எங்கள் ராணி அவளுடைய கிராமபோனில் வாலை மிதித்த பூனை மாதிரி அழுதாள். அப்பா ஓடிப்போய் ஊசியைத் தூக்கினார்.

எங்கள் செட்டில் காட்டுக் காட்சியில் தூரத்தில் ஒரு நாய் குரைக்கும். காட்டின் பயங்கரத்தைக் காட்டுவதற்காக வைத்த சத்தம் என்று அப்பா வருஷக்கணக்காகச் சொல்லி வந்தார். அவள் செட்டில் நாய் இல்லை. "பாத்தியா, சிக்கனம் புடிச்சிட்டானுங்க" என்றார் அப்பா. பாய் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, "அண்ணே, காட்டுல ஏது தெரு நாயி? பாடுறப்போ வெளியில எவனோ கதவை மூட மறந்துட்டான்" என்றார். அவள் செட்டிலும் குறை இருந்தது. ராணி திட்டி முடித்து மயங்கி விழும்போது ஆர்மோனியக்காரர் "சபாஷ்" என்கிறார். அது திட்டுக்கா மயக்கத்துக்கா என்று இரண்டு வாரம் பேசினோம்.

பபூன் பக்கத்தில் பாய்க்கே ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. எங்கள் செட்டில் பபூன் வெள்ளைக்கார துரையின் தொப்பியைக் கேலி செய்து பாடுவான். அவள் செட்டில் அதே பபூன் அதே மெட்டில் கள்ளுக் குடிக்காதே என்று பாடினான். பாய் மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டார்.

"ஆளு அதே ஆளுதான். கவர்ன்மென்ட் மாறுச்சு, அவனும் மாறிட்டான். ராணியும் மாறுறதுல தப்பு இன்னா அண்ணே?"

"பாய், நீங்களுமா?" என்றார் அப்பா.

ஆடி மாசம் பிறந்ததும் மகளை அழைத்துப்போக என் மாமனார் வந்தார். குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருந்தவர். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசிப் பழகியதால் காதோடு ரகசியம் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். காப்பி குடித்து முடிக்கும் வரை அப்பா பொறுமையாக இருந்தார். டம்ளரைக் கீழே வைத்ததும் ஆரம்பித்தார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க குடுத்த செட்டு டூப்ளிகேட்டு."

மாமனார் எழுந்து நின்றுவிட்டார். சீரில் வந்த பொருளை டூப்ளிகேட் என்று சொன்னால் யாருக்குத்தான் வராது கோபம்?

"டூப்ளிகேட்டா? வேலூர் லாங் பஜார்ல வாங்குனது! இன்னிக்கு செட்டு டூப்ளிகேட்டும்பீங்க, நாளைக்கு என் பொண்ணு டூப்ளிகேட்டும்பீங்களா?"

"பொண்ணு தங்கம். ராணிதான் டூப்ளிகேட்டு."

"உங்க ராணிதான் சீக்குக்காரி! எப்பப் பாத்தாலும் மூக்கைச் சிந்திகினு!"

தெருவே கேட்டது. பாயம்மா பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவியை, "யாரும்மா சீக்கு? டாக்டரைக் கூப்பிடணுமா?" என்று விசாரித்தாள்.

கடைசியில் வாங்கின கடைக்கே போய்க் கேட்டுவிடுவது என்று முடிவானது. மறுநாள் நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இரண்டு பேரையும் பஸ்ஸில் வேலூருக்கு அழைத்துப்போனேன். அவரவர் செட்டு அவரவர் மடியில். நான் நடுவில். பள்ளிகொண்டா தாண்டியதும் அப்பா என்னிடம், "தட்டுல ஒட்டுற லேபிளு செவப்பா இருந்தாதான் அசல்னு அவர்கிட்ட சொல்லு" என்றார். மாமனார் என்னிடம், "பச்சைதான் புதுசுன்னு உங்க அப்பா கிட்ட சொல்லுங்க மாப்ள" என்றார். இரண்டு பேருக்கும் காது நன்றாகத்தான் கேட்டது.

லாங் பஜாரில் கைவண்டிகளுக்கு நடுவே புகுந்து அந்தக் கடையைக் கண்டுபிடித்தோம். பாத்திரமும் விற்பார்கள், கிராமபோனும் விற்பார்கள். கடைக்காரர் இரண்டு செட்டையும் திறந்து பார்த்தார்.

"ரெண்டுமே அசல்தாங்க. ஒரே கம்பெனி, ஒரே ஆளுங்க. யுத்தத்துக்கு முன்னாடி ஒரு தடவ பாடுனாங்க. அந்த அச்சு தேஞ்சு போய்ட்டுது. யுத்தம் முடிஞ்சு இன்னொரு தடவ பாடுனாங்க."

"சரி, ராணி ஏன் மாறினா?" என்றார் அப்பா.

"அது எனக்கு இன்னாங்க தெரியும்? நான் விக்கிறவன்தானே." அவர் உள்ளே போய் இன்னொரு அட்டைப் புத்தகத்தை எடுத்து வந்தார். மெலிந்திருந்தது. நீல லேபிள். "இப்ப இதான் ஓடுது. அதே நாடகம், பாதி சைசு. பஸ்ல எடுத்துகினு போறதுக்கு லேசா இருக்கும்."

"இதுல ராணி அழுவுறாளா, திட்டுறாளா?"

"இதுல ராணி இல்லீங்க."

"இல்லன்னா?"

"சின்னதாக்கணும்ல? எடுத்துட்டாங்க."

"அப்போ ராஜா யார்கிட்ட சொல்லிட்டு காட்டுக்குப் போறாரு?" என்று மாமனார் கேட்டது கோட்டை அகழி வரை போயிருக்கும்.

"பபூன் கிட்ட."

அப்பாவும் மாமனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று முதல்முறையாக அவர்கள் ஒரே கட்சியானார்கள். கடைக்காரரை வெளுத்து வாங்கினார்கள். கட்டின பெண்டாட்டியிடம் சொல்லாமல் பபூனிடம் சொல்லிக்கொண்டு போகிறவன் ராஜாவா என்று அப்பா கேட்டார். இவன் தோற்றதே நல்லது என்றார் மாமனார். கடைக்காரர் பித்தளைச் சொம்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார். திரும்பி வரும்போது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். எனக்குக் கடைசி சீட்டு. ஆம்பூரில் இறங்கி வீட்டு வாசலுக்கு வருவதற்குள் சிவப்பு லேபிள், பச்சை லேபிள் மறுபடியும் ஆரம்பமாகிவிட்டது.

"அசல்னு கடைக்காரன் சொன்னானே, கேட்டியா?" என்று அப்பா அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். மற்றது அசலா இல்லையா என்பதைச் சொல்லவில்லை.

அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "எது அசலோ, எனக்குத் தெரியாது. அந்த செட்டு வாங்குனதுலேர்ந்து வெள்ளிக்கிழமையானா ஒருத்தி ஊட்ல அழுதுகினே இருக்கா. எனக்குத் தலைவலி. இவ கொண்டாந்தவ வந்த அப்புறம்தான் வெள்ளிக்கிழமை நிம்மதியா இருக்குது" என்றாள்.

அப்பா வெகு நேரம் கிராமபோன் குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

தை மாசம் கழிந்து ஆம்பூருக்கு ஒரு நாடகக் கம்பெனி வந்தது. ரயிலடிக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு, அரிசி மில் ஷெட்டு ஒன்றில் தங்கியிருந்தார்கள். நோட்டீசைப் பார்த்துவிட்டு பாய் ஓடி வந்தார். அதே நாடகம். எங்கள் இரண்டு செட்டிலும் ராணியாகப் பாடிய அதே அம்மாவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. ஆனால் பெயருக்குக் கீழே ராஜபார்ட் என்று போட்டிருந்தது. வயதானதும் அந்த அம்மாள் ராணியை விட்டு ராஜாவாகிவிட்டாள். சினிமாக் கொட்டகையிலெல்லாம் கூட்டம் இருந்த காலம். தோல் தொழிலாளிகளை இழுக்க வெள்ளிக்கிழமை மத்தியான ஆட்டம் வேறு வைத்திருந்தார்கள்.

"நான் போய் அந்த அம்மாவையே கேட்டுட்டு வர்றேன்" என்றாள் என் மனைவி.

நாடகக்காரர்கள் இருக்கும் இடத்துக்கு வீட்டுப் பெண் போவதா என்று அப்பா தயங்கினார். ஆனால் விடை தெரிந்துகொள்ளும் ஆசை தயக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. "நீயும் கூடப் போ" என்று என்னிடம் சொன்னார்.

காலையில் போனோம். ஷெட்டுக்குள் கயிற்றில் ராஜ உடைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு நாற்காலியில் கனத்த உடம்போடு ஓர் அம்மாள், வெந்நீர் பேசினில் இரண்டு கால்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒரு சேவல் கட்டிக் கிடந்தது. அந்த அம்மாள் வாயைத் திறந்து "யாரு?" என்றதும் எனக்குச் சிலிர்த்தது. முகம் யாருடையதோ, குரல் எங்கள் வீட்டுக் குரல்.

என் மனைவி நேராக விஷயத்துக்கு வந்தாள். "அம்மா, நீங்க பாடுன செட்டு எங்க ஊட்ல ரெண்டு இருக்குது. ஒன்னுல அழுவுறீங்க. ஒன்னுல திட்டுறீங்க. எது சரி? எங்க ஊட்ல அடிதடி ஆவுறதுக்குள்ள சொல்லிடுங்க."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் பேசின் தண்ணீர் தளும்பியது. சேவல் பயந்து இறக்கையை அடித்தது.

"ரெண்டும் சரி இல்லைத்தா. மேடையில நான் அழுததும் இல்ல, திட்டுனதும் இல்ல. இந்தா இப்படிச் சேவலைத் தூக்கி இடுப்புல இடுக்கிக்கிட்டு விறுவிறுன்னு உள்ள போயிருவேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். ராஜா தனியா நிப்பாரு. கொட்டகையே அலறும்."

"அப்ப பிளேட்டுல ஏன்மா அழுதீங்க?"

"உள்ள நடந்து போறதைப் பிளேட்டுல எப்படித்தா கேக்குறது? பதிவு பண்றவரு, 'அம்மா சத்தம் வரணும், மூணு நிமிசம் சும்மா ஓடுனா மிஷினு ரிப்பேருன்னு திருப்பிக் குடுத்துருவாக'ன்னாரு. வாத்தியாரு அங்கனயே உக்காந்து ஒரு அழுகைப் பாட்டு எழுதுனாரு. ரெண்டாந் தடவை வேற வாத்தியாரு. அவரு அன்னிக்கு வீட்டுல சம்சாரத்துக்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டு வந்திருந்தாரு. அதை அப்படியே எழுதிட்டாரு."

என் மனைவி சேவலையும் அந்த அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் இது அடிதான். பத்து வயதிலிருந்து அவள் மனப்பாடமாகப் பாடி வந்த திட்டு, யாரோ ஒரு வாத்தியாரின் வீட்டுச் சண்டை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? ஆனால் அவள் முகம் சோர்ந்துபோகவில்லை. "பேசாமலே போய்டுவீங்களா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். "பேசாமத்தான்" என்றாள் அந்த அம்மாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, உங்க ஊர்ல செருப்பு நல்லாக் கெடைக்கும்னாகளே?"

"இங்க தோல் பதனிடுறது மட்டும்தாங்க. செருப்பு வெளியூர்ல தைக்கிறாங்க."

"செருப்பும் இல்லையா? அப்பறம் இம்புட்டு நாத்தம் எதுக்குய்யா?"

இந்தக் கேள்விக்கு லண்டன் கம்பெனிக்குக் கூட நான் பதில் அடித்ததில்லை.

வீட்டில் வந்து சொன்னதும் அப்பா நம்ப மறுத்துவிட்டார். "அந்தம்மாவுக்கு வயசாய்ட்டுது, மறந்துட்டாங்க. பிளேட்டு மறக்குமா?" என்றார். சேதி போய் மாமனாரும் வியாழக்கிழமையே வந்து இறங்கிவிட்டார். அவரும், "நம்ம பிளேட்டுல இருக்குறதுதான் மேடையில வரும், பாருங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் தொழுகை முடித்துத் தொப்பியோடு நேராக வந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் அம்மாவும் என் மனைவியும் பாயம்மாவும் முன் வரிசையைப் பிடித்துவிட்டார்கள். ஆண்கள் பக்கத்தில் அப்பா தனி, மாமனார் தனி. நானும் பாயும் நடுவில். ராஜபார்ட் அம்மாள் மீசை வைத்துக்கொண்டு மேடைக்கு வந்ததும் விசில் பறந்தது. அன்றைக்கு ஷெட்டில் வெந்நீரில் கால் வைத்திருந்த அதே அம்மாள் யானை மாதிரி நடந்தாள். ராணியாக வந்தது ஒரு சின்னப் பெண். புதுசு என்று பார்த்தாலே தெரிந்தது.

பந்தயம் முடிந்தது. ராஜ்யம் போனது. ராஜா மேடை நடுவில் தலைகுனிந்து நின்றார். ராணி மெதுவாக வந்து, கட்டியிருந்த சேவலை அவிழ்த்துத் தூக்கினாள். வாய் திறக்கவில்லை.

கொட்டகையில் செட்டு வாங்கினவர்கள் எங்கள் இரண்டு குடும்பம் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இடது பக்கத்திலிருந்து யாரோ "என்னைத் தனியே விட்டு..." என்று எடுத்துக் கொடுத்தார்கள், பாவம், பெண் பாட்டை மறந்துவிட்டாள் என்று நினைத்து. உடனே பின்னாலிருந்து ஒரு கூட்டம் "கோழிக்குத் தலைகொடுத்த..." என்று ஆரம்பித்தது. ஒரு நிமிஷத்தில் கொட்டகை இரண்டாகப் பிரிந்து பாடியது. அப்பா எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டு அழுகையைப் பாடினார். தறிக்கு மேல் கேட்கிற குரலில் மாமனார் திட்டைப் பாடினார். பாய் இரண்டுக்கும் தாளம் போட்டார். ராணிப் பெண் சேவலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மலங்க மலங்க விழித்தாள். நிஜமாகவே அழுதுவிடுவாள் போலிருந்தது.

ராஜா தலை நிமிர்ந்தார். மேடையின் முன்னால் வந்து கையை உயர்த்தினார். மெல்லச் சத்தம் அடங்கியது.

"ராஜ்யத்தைத் தோத்தவன் நான். உங்களுக்கு என்னய்யா போச்சு? பொண்ணை உள்ள போக விடுங்க!"

கொட்டகை அதிர்ந்து சிரித்தது. சிரிப்பு ஓயும் வரை ராஜா காத்திருந்துவிட்டு, பழைய இடத்துக்குப் போய்ப் பழையபடி தலைகுனிந்து நின்றார். ராணி சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆர்மோனியக்காரர் வாசிக்கவில்லை. ராஜா அவள் போன பக்கத்தைப் பார்த்தார். கிரீடத்தை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பேர் இருந்த கொட்டகையில் பெஞ்சு கிரீச்சிடுவது கேட்டது. அப்பா நின்றபடியே இருந்தார். உட்கார மறந்துவிட்டார். பின்னாலிருந்தவன்கூட மறைக்கிறது என்று கத்தவில்லை.

அப்புறம் கைதட்டல் வந்தது. முதலில் தட்டியது பெண்கள் பக்கம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா, "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இதை வச்சுகினு ஊட்ல இன்னா பண்றது? போட்டுக் கேக்க முடியாதே" என்றார். "அதான் சம்பந்தி. பாட்டு இல்லாம இன்னா ராணி?" என்றார் மாமனார். இரண்டு பேரும் ஒரே குரலில் பேசியதைக் கேட்டு எனக்கு லாங் பஜார் கடைக்காரர் ஞாபகம் வந்தது.

அடுத்த வாரம் கம்பெனி வாணியம்பாடிக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா சீக்கிரமாகச் சமைத்து மூடி வைத்தாள். எங்கே என்று யாரும் கேட்பதற்குள் அம்மா, என் மனைவி, பாயம்மா மூன்று பேரும் வாணியம்பாடி பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். குடியாத்தத்துக்குத் திரும்பாமல் தங்கிவிட்ட மாமனார், அப்பா, பாய், நான் நான்கு பேரும் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டோம். பெஞ்சு மேல் இரண்டு கிராமபோனும் இருந்தன. எதைப் போடுவது என்று அப்பா கேட்கவில்லை. பபூன் பக்கத்தை மட்டும் பாய்க்காக இரண்டு செட்டிலும் ஒருமுறை போட்டார்.

விளக்கேற்றும் நேரத்துக்குத் தலையில் பூவோடு மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"ராணி இன்னா பண்ணா? அதே மாதிரிதானா?"

"இல்ல, இன்னிக்கு வேற மாதிரி பண்ணா" என்றாள் அம்மா. பாயம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சிரித்தாள்.

"எப்படி?"

"சொன்னா புரியாது. நாளைக்கும் ஆட்டம் இருக்காம். போய்ப் பாத்துட்டு வாங்க."

மறுநாள் சம்பந்திகள் இரண்டு பேரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாணியம்பாடிக்குப் போனார்கள். நான் ஆபீசிலிருந்து திரும்பியபோது அவர்களும் வந்துவிட்டிருந்தார்கள். ராணி என்ன செய்தாள் என்று கேட்டேன். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாமனார் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். ராஜ்யம் போன உடனேயே இரண்டு பேரும் எழுந்து அவரவர் பாட்டைப் பாட ஆரம்பித்திருக்கிறார்கள். ராணி மேடைக்கு வருவதற்கு முன்பே கொட்டகைக்காரன் இரண்டு பேரையும் வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டான்.

"உள்ள விடச் சொல்லிக் கேக்கலையா?" என்றாள் என் மனைவி.

"கேட்டோம்மா. பாட மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொன்னான்" என்றார் அப்பா. "அது எப்படி முடியும்?"